தீக்காய வார்டில் முடித்த மூன்று புத்தகங்கள்

ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தால் அன்றைக்கே அதைப் பற்றி அரைப்பக்கம் எழுதிவிடுவது என் வழக்கம். கதைச் சுருக்கம் எழுத மாட்டேன். அது புத்தகத்திலேயே இருக்கிறது. எந்த இடத்தில் நம்பினேன், எந்த இடத்தில் நம்பிக்கை விட்டுப்போனது, ஆசிரியர் எதைச் சொல்லாமல் தாண்டிப் போனார், இவ்வளவுதான். விருதுநகரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி லேபிள் என்று பகலெல்லாம் அடுத்தவர் எழுத்தில் குறை தேடிவிட்டு, வீட்டுக்கு வந்தும் சம்பளம் இல்லாமல் அதையே செய்கிறேன் என்று என் தம்பி கேலி செய்வான்.

இந்த வருஷம் முடித்தவற்றில் மூன்று புத்தகங்களைப் பற்றி மட்டும் அன்றன்றைக்கு எழுத முடியவில்லை. அவற்றை நான் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது எழுதுகிறேன்.

தம்பி சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறையில் வேலை பார்த்தான். வெடிக்குள் போகிற ரசாயனக் கலவையை இங்கே மருந்து என்றுதான் சொல்வோம். வீடு ஆனைக்குட்டத்தில். அவனும் மனைவியும் ஒரே கம்பெனிக்குத்தான் போனார்கள். அவள் பெட்டி கட்டுகிற பக்கம். ஒரு திங்கட்கிழமை காலையில் மருந்து அறை வெடித்தது. உள்ளே இருந்தது இரண்டு பேர். ஒருத்தி அவர்கள் ஊர்ப் பெண், கல்யாணம் ஆகாதவள், அங்கேயே இறந்துபோனாள். தம்பியை வெளியே இழுத்துப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். முகம், நெஞ்சு, இரண்டு கைகள். கண்களைக் கட்டியிருந்தார்கள். பேச முடிந்தது.

போன் வந்தபோது என் கைப்பையில் ஒரு தடித்த நாவல் பாதியில் இருந்தது. அதை எடுத்து வைக்கத் தோன்றாமல் அப்படியே கிளம்பிப் போயிருக்கிறேன். வார்டில் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஒருவர் உட்காரலாம். பையைத் தடவி நான் எதையோ எடுக்கிற சத்தம் அவனுக்குக் கேட்டது.

“பொஸ்தகமாக்கா?”

“ஆமாலே.”

“வாசி. ஃபேன் ஓடுற சத்தத்தையே எம்புட்டு நேரம் கேக்குறது?”

நர்ஸ் சொன்னபடி புத்தகத்துக்குப் பாலித்தீன் உறை போட்டு, ஒவ்வொரு முறையும் துடைத்து உள்ளே கொண்டுபோனேன். மூன்று தலைமுறையாக நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் கதை. எண்ணூறு பக்கம் இருக்கும். சொத்துப் பிரிகிறது, அண்ணன் தம்பிக்குப் பேச்சு நிற்கிறது, பெரிய வீட்டைப் பூட்டுகிறார்கள். தம்பி குறுக்கே பேசாமல் கேட்டான். மூன்றாவதோ நான்காவதோ நாள்தான் வாயைத் திறந்தான்.

“இம்புட்டுப் பேரு இருக்காகளே, ஒருத்தராச்சும் வேலைக்குப் போறாகளா?”

“நெலம் இருக்குல்ல.”

“நெலம் தன்னால உழுதுக்கிருமா?”

அதற்குப் பிறகு நானும் கவனித்தேன். அந்த வீட்டின் ஒவ்வொரு தூணுக்கும் மரம் எங்கிருந்து வந்தது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. மாட்டுக்குப் பெயர் இருக்கிறது. உழுதவர்கள் மட்டும் ‘ஆட்கள்’ என்றே வருகிறார்கள். ‘ஆட்கள் வந்தார்கள்’, ‘ஆட்கள் போய்விட்டார்கள்’. எங்கள் அப்பாவின் அப்பா அப்படி ஒரு வீட்டின் ஆட்களில் ஒருவர். அந்த நிலத்தை விட்டுத்தான் எங்கள் குடும்பம் தீப்பெட்டிக்கும் வெடிக்கும் வந்தது. நாவலின் நடை சுத்தமானது. மழை வர்ணனை ஒன்று மிக நன்றாக இருக்கிறது. ஆனால் கடைசியில் வீட்டைப் பூட்டும்போது நான் அழவேண்டும் என்று ஆசிரியர் எதிர்பார்க்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. தம்பிக்குத் தூக்கம் வந்துவிட்டது.

“அடுத்தது விறுவிறுன்னு எதாச்சும் கொண்டா. கொலை, கிலை,” என்றான்.

நூலகத்தில் ஒரு துப்பறியும் நாவல் எடுத்தேன். வேறு மொழியிலிருந்து வந்தது. குளிர் நாடு, பெரிய பங்களா, பணக்காரக் கிழவர் கொலை. மொழிபெயர்ப்பாளர் அவசரக்காரர் போல; ஒரே ஆள் ஒரு பக்கத்தில் மாமா, அடுத்த பக்கத்தில் சித்தப்பா. தம்பிக்கு அதெல்லாம் பொருட்டாக இல்லை. யார் கொன்றது என்று ஒவ்வொரு நாளும் ஒருத்தர் மேல் சந்தேகப்பட்டான். கண்கட்டோடு படுத்துக்கொண்டு, “அந்த டாக்டர விட்றாதக்கா, அவன் பேச்சே சரியில்ல,” என்றபோது பக்கத்துப் படுக்கைக்காரரும் சிரித்துவிட்டார்.

அந்த நாவல் பாதியில் இருக்கும்போதுதான் ஃபோர்மேன் வந்தார். மருந்து அறைகளுக்கு அவர்தான் மேற்பார்வை. ஆப்பிள் ஒரு பை, இளநீர் இரண்டு. தம்பியின் மனைவி அன்றைக்கு வந்திருந்தாள். நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். அவர் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்தார். பேசியதெல்லாம் கேட்டது.

“மாப்ள, எப்படி இருக்க?”

“பாக்குறீகள்ல அண்ணாச்சி.”

அவர் ஸ்டூலைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு குனிந்தார். “வாக்குமூலம் வாங்க வருவாக. அந்தப் பிள்ள கை தவறி மருந்துத் தட்டக் கீழ போட்டுருச்சு, ஒராய்வு ஆகிப்போச்சு. அம்புட்டுத்தான். ஒனக்கு வேற ஒண்ணும் தெரியாது.”

தம்பி தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

“செத்தவ திரும்பி வந்து சண்டைக்கா நிக்கப் போறா? இருக்குறவுகளப் பாரு மாப்ள. ஒன் வீட்டுக்காரிக்கு வேலை, ஒம் மக படிப்பு, எல்லாம் நான் பாத்துக்கிறேன்னு மொதலாளி சொல்லிட்டாரு.” சொல்லிக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தார். நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

என் பக்கத்தில் நின்ற தம்பி மனைவிதான் உள்ளே பார்த்து, “சரிங்க அண்ணாச்சி,” என்றாள்.

ஊரில் அந்தப் பேச்சு ஏற்கெனவே பரவியிருந்தது. இறந்த பெண் தட்டைப் போட்டாள். அவள் தானும் செத்து, கூட இருந்தவனையும் கரித்துவிட்டாள். போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள் என்றும் சிலர் சேர்த்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களே வாசலில் நின்று இதைப் பேசியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வேறொரு கம்பெனியில் வெடிக்குத் திரி வெட்டுகிறவள். விரல்களில் வெள்ளி நிற அலுமினியப் பொடி ஏறிப்போயிருந்தது. கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை.

“தம்பி, நான் ஒன்னக் கொற சொல்ல வரல,” என்றாள். “எம் மக போட்டுட்டாளா? அத மட்டும் சொல்லு. போட்டுட்டான்னா போட்டுட்டான்னு சொல்லிரு. நான் தாங்கிக்கிருவேன்.”

தம்பி அவளிடம், “எனக்குச் சரியா ஞாபகம் இல்லக்கா,” என்றான்.

அவள் கட்டுப்போட்ட முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கண்ணு தெரியலன்னா நெனப்புமா தெரியாம போகும்?” என்று வாசலில் நின்ற என்னிடம் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அப்படி ஆகுமா என்று என்னிடம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிறகு போய்விட்டாள்.

மறுநாள் துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துத் துப்பறிபவர் முடிச்சை அவிழ்க்கிறார். கொன்றது வேலைக்காரி. பாதிப் புத்தகத்திலேயே காய்ச்சலில் இறந்துபோனவள். அவள் ஏன் செய்தாள், எப்படிச் செய்தாள் எல்லாவற்றையும் மற்றவர்களே சொல்லி முடித்து, தேநீர் குடிக்கப் போகிறார்கள்.

“அடப்பாவி,” என்றான் தம்பி. சிரிக்கப் பார்த்தான், உதடு வெடித்து ரத்தம் வந்தது. நான் பஞ்சால் ஒற்றினேன்.

“அவ இல்லன்னு சொல்ல முடியாதுல்லக்கா.”

“ஆமா.”

“எழுதுனவனுக்கு லேசான சோலி.”

என் கருத்தும் அதுதான். படிப்பவரை ஏமாற்றுவது துப்பறியும் நாவலின் தொழில், அதில் தப்பில்லை. ஆனால் பழியை ஏற்றிவைக்கிற ஆளுக்கு ஒரு வாய் இருக்கவேண்டும். வாயில்லாதவள் மேல் ஏற்றிவிட்டால் முடிச்சு அவிழவில்லை, அறுக்கப்பட்டிருக்கிறது. இதை நான் அவனிடம் சொல்லவில்லை. ஃபோர்மேன் பேசியது எனக்குக் கேட்டது என்றும் சொல்லவில்லை.

மூன்றாவது புத்தகம் நான் தேர்ந்தெடுத்தது அல்ல. அச்சகத்துக்கு வந்தது. ஓய்வுபெற்ற ஓர் அதிகாரியின் சுயசரிதை. சொந்தச் செலவில் போடுகிறார். மெய்ப்புத் தாள்களையே கொண்டுபோய் வாசித்தேன். வேலையும் நடக்கும், அவனுக்கும் பொழுதுபோகும் என்று நினைத்தேன். தேதிகள், ஊர்கள், மாறுதல் உத்தரவுகள் எல்லாம் துல்லியம். எழுத்துப்பிழைகூடக் குறைவு. எந்த ஊரில் யார் அவருக்குத் துரோகம் செய்தார்கள் என்பது வரிசையாக வருகிறது.

முடிகிற இடத்தில் தம்பி கேட்டான். “யக்கா, இத்தன வருசத்துல இவரு ஒரு தப்புக்கூடச் செய்யலயா?”

“அடுத்தவுகதான் செஞ்சிருக்காக.”

“அப்ப இவரு வேலையே பாத்திருக்க மாட்டாரு.”

கடைசித் தாளை வாசித்து முடித்தேன். மகன்களுக்கும் மருமகள்களுக்கும் நன்றி. அடுக்கிப் பையில் வைத்தேன். அவன் பேச ஆரம்பித்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நடுவில் தண்ணீர் கேட்டதையும் மூச்சு வாங்கியதையும் விட்டுவிட்டேன்.

“சனிக்கெழம மருந்து மிச்சம் கெடந்துச்சுக்கா. மிச்சத்த அன்னன்னைக்கே கொண்டுபோய் அழிச்சிறணும், அதான் சட்டம். சீசன் நேரம், ஆர்டர் கெடக்கு, மூடி வையி, திங்கக்கெழம அத முடிச்சுட்டுப் புதுசத் தொடுன்னு அண்ணாச்சி சொன்னாரு. நாந்தான் மூடி வச்சேன். ஞாயித்துக்கெழம பூரா அது பூட்டுன ரூமுல கெடந்துச்சு. காலைல தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. வெதுவெதுன்னு இருந்தா எடுக்கக் கூடாது, வெளிய ஓடணும். பச்சப்பிள்ளைக்கும் தெரியும் இந்த ஊர்ல. நான் எடுத்தேன். அந்தப் பிள்ள அங்கிட்டு வாசல் பக்கம் உக்காந்து காலிக் காகிதக் கொழாய அடுக்கிக்கிட்டு இருந்துச்சு. அது கையில மருந்தே இல்ல. தட்டும் இல்ல.”

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறது. “வலிக்குதாலே?” என்று கேட்டேன்.

அன்று சாயங்காலம் அவன் இதையே மனைவியிடம் சொல்லியிருக்கிறான். அவள் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மதினி, நீங்க சொன்னாக் கேப்பாரு. வாயத் தொறக்க வேணாம்னு சொல்லுங்க. இவரு எடுத்தாருன்னு ஆகிட்டா ஒண்ணுமே குடுக்க மாட்டாக. அண்ணாச்சியச் சொன்னா எனக்கு வேலையும் இருக்காது. செத்த பிள்ளைக்குப் பேரு கெட்டா என்ன, கெடாட்டி என்ன? எம் பிள்ளைக்குச் சோறு வேணும்ல?”

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. “அவன் மனசு, நான் என்ன சொல்ல,” என்றேன். கையை விட்டுவிட்டாள்.

வாக்குமூலம் வாங்க வந்தபோது எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். திரை போட்டார்கள். அவர்கள் போனபின் நான் உள்ளே போனேன். தம்பி களைத்திருந்தான்.

“ரெண்டையும் சொல்லிட்டேன்க்கா,” என்றான். “அவரு வையின்னு சொன்னதையும் சொன்னேன். நான் எடுத்ததையும் சொன்னேன்.”

வேறு புத்தகம் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். காய்ச்சல் ஏறியது. அதற்குப் பிறகு அவன் பேசியதில் பொருள் இல்லை. அந்த வாரமே இறந்துபோனான்.

பேப்பரில் சின்னச் செய்தியாக வந்தது. மீதமான மருந்தைத் தொழிலாளி கவனக்குறைவாக எடுத்ததே விபத்துக்குக் காரணம் எனத் தெரியவந்துள்ளது என்று போட்டிருந்தார்கள். மீதம் ஏன் இருந்தது என்று இல்லை. மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு இது பழக்கப்பட்ட விஷயம். இடம் போதாவிட்டால் ஒரு வாக்கியத்தை எடுப்பார்கள். மிச்சம் இருப்பதில் பிழை இருக்காது. இலக்கணப்படி, தகவல்படி எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் கதை வேறாகியிருக்கும். என் தம்பி சொன்ன இரண்டில் அவனைக் கொல்கிற ஒன்று மட்டும் அச்சேறியது. ஊரில் பேச்சு அந்தப் பெண்ணை விட்டு இவன் மேல் வந்து உட்கார்ந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே தம்பி மனைவி கம்பெனிக்குத் திரும்பினாள். அதே கம்பெனி, அதே ஃபோர்மேன். “வேற எங்க போகச் சொல்றீக?” என்றாள், நான் கேட்காமலே.

பிறகு ஒரு விசாரணை நடந்தது. மருந்தை மூடிவைக்கச் சொன்னது தான் இல்லை என்று ஃபோர்மேன் சொல்லியிருந்தார். ஊசி போட்ட மயக்கத்தில் அவன் உளறியிருக்கிறான் என்றார். இறந்தவர் மயக்கம் இல்லாதபோது உறவினரிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்க எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி விருதுநகருக்கு வந்தாள். நான் போட்ட காபியைத் தொடவில்லை.

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லலன்னு நான் சொல்லிருவேன். நீங்களும் அப்படியே சொல்லணும். இல்ல, அவரு எடுத்தாருங்குறத வேணா சொல்லிக்கோங்க. அது பேப்பர்லயே வந்திருச்சு, போகட்டும். அண்ணாச்சி சொன்னாருங்குறத மட்டும் விட்டுருங்க மதினி.”

“அத விட்டா அவன் மட்டும்தான தப்புப் பண்ணுனதா ஆகும்?”

“செத்தவருக்குத் தப்பு என்ன, சரி என்ன?” என்றாள். பிறகு என் அலமாரியைப் பார்த்தாள். “எல்லாம் நீங்க வாசிச்சுக் காட்டுனது. அவரு பேசாமத்தான் இருந்தாரு. அந்தக் கொலைக் கதையையும் அந்த ஆபீசர் கதையையும் கேட்டப்புறந்தான் இப்படிப் பேச ஆரம்பிச்சாரு. ஒங்களுக்குப் பொழுதுபோகலன்னு எங்குடியக் கெடுத்துட்டீக.”

இதைப் பற்றிப் பலமுறை யோசித்திருக்கிறேன். தேர்ந்து எடுத்துப் போன புத்தகங்கள் அல்ல அவை. ஒன்று பையில் கிடந்தது, ஒன்று அவன் கேட்டது, ஒன்று வேலைக்கு வந்தது. மூன்றுமே சுமாரான புத்தகங்கள். இரண்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். நல்ல புத்தகம் ஒருவனை மாற்றிவிடும் என்று மேடையில் பேசுகிறார்கள். சுமாரான புத்தகத்தில் ஆசிரியர் மழுப்பிய இடத்தைக் கேட்டு ஒருவன் தன் மழுப்பலைக் கண்டுகொள்ள முடியுமா? முடியும் என்றால் அவள் சொல்வது சரி. அவன் தானாகவே சொல்லியிருப்பான் என்றும் தோன்றுகிறது. அவன் என் தம்பி. அந்த அம்மா வந்துபோன பிறகு அவன் தூங்கவில்லை என்று நர்ஸ் சொன்னாள். இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை.

விசாரணையில் நான் இரண்டையும் சொன்னேன். அவன் சொன்ன வரிசையில், அவன் சொன்ன வார்த்தைகளில் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். வாசித்துக் காட்டச் சொன்னேன். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

இதுவரை என்ன முடிவு என்று தெரியவில்லை. ஃபோர்மேனை வேறு யூனிட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். தம்பி மனைவியை, சொல்லி அனுப்பும்போது வந்தால் போதும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொல்லி அனுப்பவில்லை. இப்போது வெகுதூரத்தில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேனில் போகிறாள். சம்பளம் குறைவு. என் போனை எடுப்பதில்லை.

போன மாதம் ஆனைக்குட்டம் போனேன். அவளுக்கு வேலை இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போனேன். மகளுக்குத் துணி, கொஞ்சம் பலகாரம். தம்பி மனைவி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். “வாங்க” என்று சொல்லவில்லை. பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். பையைப் படியில் வைத்துவிட்டு நின்றேன். எடுத்துக்கொள்வாளா, திருப்பி அனுப்புவாளா, தெரியாது.

எதிர்ச்சாரியில் மூன்று வீடு தள்ளி, இறந்த பெண்ணின் அம்மா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

“இங்கன வாங்க,” என்றாள். “வெயில்ல நிக்காதீக. ஒரு வா தண்ணி குடிச்சுட்டுப் போங்க.”

போனேன். அவள் சொம்பைக் கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். தம்பியைப் பற்றியோ தன் மகளைப் பற்றியோ ஒன்றும் பேசவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அது வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.